ஞாயிற்றுக்கிழமை நளபாகர்

நம் இதிகாசங்களில் பாகசாஸ்திரத்துக்குப் பேர்போன ஆண்மக்கள் இருவர். சூதாட்டத்தில் நாட்டைத் தோற்று, உருவமும் மாறி, வாகுகன் என்ற பெயரோடு இருதுபன்னனிடம் ஊழியத்துக்கு அமர்ந்த நளன் ஒருவன். சூதாட்டத்தில் நாட்டைத் தோற்ற அண்ணனோடு காடெல்லாம் அலைந்து, கடைசி ஓராண்டு அஞ்ஞாதவாசத்தை விராட மன்னனின் மடைப்பள்ளியில் கழித்த வீமன் மற்றொருவன். இவ்விருவருக்கும் உள்ள ஒற்றுமையைப் பௌராணிகர்கள் போதிய அளவு எடுத்துச் சொல்லவில்லை என்பது என் அபிப்பிராயம். தாம் இன்னார் என்று உலகம் அறிந்துகொள்ளக் கூடாது என்பதற்காகவே அவர்கள் கரண்டியைக் கையில் எடுத்தார்கள். தருமபுரியில், பென்னாகரம் சாலையிலும் குமாரசாமிப்பேட்டையிலும் சொந்த வீடு கட்டிக்கொண்டு, வாரத்துக்கு ஒருநாள் அடுப்படியில் பிரவேசிக்கும் நம் நளபாகரோ, தாம் இன்னார் என்பதை உலகம் மறந்துவிடக் கூடாதே என்பதற்காகக் கரண்டியை எடுக்கிறார்.

நளபாகர் என்பது ஒரு தனி மனிதரின் பெயரன்று. தாலுகா அலுவலகத்திலோ, பள்ளிக்கூடத்திலோ, வங்கியிலோ முப்பது முப்பத்தைந்து வருஷம் பிறரை வேலை வாங்கிப் பழகி, ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் வேலை வாங்க ஒருவரும் இல்லையே என்று திடுக்கிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து, அந்தப் பார்வை சமையலறையில் போய் நிலைத்துவிட்ட கனவான்கள் அனைவருக்கும் பொதுவான பட்டம் அது. திங்கள் முதல் சனி வரை உப்பு ஜாடி எந்த அலமாரியில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் நேர்ந்ததில்லை. ஞாயிறு விடிந்தால் மட்டும், பாதி ஊர் கறிக்கடை வாசலில் தூக்குப் பாத்திரத்தோடு நிற்கும் அந்த வேளையில், இவர் தோளில் துண்டோடு சைவ சமையலின் மகிமையைப் பிரசங்கித்துக்கொண்டே அடுப்பண்டை வந்து நிற்பார். சென்ற ஆண்டுவரை அவரும் அந்த வாசலில்தான் நின்றார். மருத்துவர் ஒருவர் இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துத் தலையசைத்த தினத்திலிருந்து ஜீவகாருண்யம் சித்தித்துவிட்டது.

அவருடைய சமையல் உண்மையில் சனிக்கிழமை காலை உழவர் சந்தையில் தொடங்குகிறது. கத்தரிக்காயைக் காம்பைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து, இந்த ஒடிப்புக்குக் கடைக்காரப் பெண்மணி முறைப்பதையும் பொருட்படுத்தாமல், விலைப்பலகையில் எழுதியிருக்கும் விலையைக் குறித்து ஓர் ஆட்சேபத்தையும் பதிவு செய்துவிட்டு, கடைசியில் அதே விலைக்கு வாங்குவார். பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி விலை விழுந்து, வண்டி வாடகைக்கும் கட்டுப்படியாகாமல் விவசாயிகள் சாலையோரம் கொட்டிவிட்டுப் போகிறார்கள் என்ற துயரச் செய்தியைப் பத்திரிகையில் படித்துவிட்டாலோ, உழவர் குலத்துக்குத் தம்மால் இயன்ற உபகாரமாக ஒரு பெட்டியை அப்படியே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். அப்பெட்டியில் அவர் பிரயோகிப்பது ஆறு பழம். எஞ்சியதைத் தொக்காகவும், ஊறுகாயாகவும், ரசமாகவும், அண்டை வீட்டாருக்கு அன்பளிப்பாகவும் ரூபாந்தரம் செய்து முடிக்கும் பொறுப்பு, திங்கட்கிழமை முதல் சமையலறையின் நிரந்தர உத்தியோகஸ்தரான அவருடைய சகதர்மிணியைச் சேர்ந்தது.

சரித்திர ஞானம் இவருடைய தாளிப்பில் கடுகுக்கு முன்னால் விழும். தருமபுரி பண்டைத் தகடூர் என்பதும், அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்கு ஈந்தான் என்பதும் இவ்வூரில் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தவை. நளபாகர் அதற்குமேல் ஒருபடி போய், சிறுபாணாற்றுப்படையில் அந்த நெல்லிக்கனி விஷயமும் வருகிறது, நல்லியக்கோடன் வீட்டு விருந்து வீமன் செய்த சமையல் நூலில் சொன்ன முறை வழுவாமல் ஆக்கப்பட்டது என்ற விஷயமும் வருகிறது என்று எடுத்துக்காட்டுவார். இதுவரை சரிதான், நூலில் உள்ளதைத்தான் சொல்கிறார். ஆனால் அந்த வேகத்திலேயே, தம் சட்டியில் கொதிக்கும் தக்காளி மிளகாய்க் குழம்பைச் சுட்டிக்காட்டி, "இது அதியமான் காலத்துப் பக்குவம்" என்று முடிப்பதுதான் சங்கடம். மிளகாயும், தக்காளியும், அவர் சட்னிக்கு வறுத்து வைத்திருக்கும் நிலக்கடலையும், கூட்டுக்கு நறுக்கிய உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்துப் பிறவிகள். வாஸ்கோ ட காமா 1498-இல் கோழிக்கோட்டுக் கரையில் இறங்கிய பிறகு, ஐரோப்பியர் கப்பல்களின் வழியாக ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தவை. அதியமான் காரம் வேண்டுமென்று கேட்டிருந்தால் மிளகுதான் கிடைத்திருக்கும். இம்மாவட்டத்தின் பெருமையான கேழ்வரகுகூட, வெகு பழைய காலத்தில் என்றாலும், கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களிலிருந்து வந்த பயிர்தான். இவற்றையெல்லாம் ஒருநாள் மெதுவாக எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். நளபாகர் கரண்டியை நிறுத்தி, சற்று யோசித்து, "அப்படியானால் அமெரிக்காவுக்கு நம்மவர்கள் முன்னாலேயே போயிருக்கிறார்கள் என்று அர்த்தம்" என்றார். அதற்குப் பிறகு நான் சரித்திரம் பேசுவதில்லை.

பூகோளத்திலும் அவருக்குத் தனி மனத்தாங்கல்கள் உண்டு. சேலத்திலிருந்து 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி தருமபுரி தனி மாவட்டமானதை நேற்று நடந்ததுபோலக் கொண்டாடும் அவர், 2004-இல் கிருஷ்ணகிரி தனியாகப் பிரிந்தபோது மாம்பழத்தின் பேரையும் கையோடு கொண்டுபோய்விட்டது என்று இன்னும் வருந்துகிறார். இந்தப் பாகப்பிரிவினை அவர் வீட்டு ஊறுகாய் ஜாடி வரை வந்து, மாவடு "அயல் மாவட்டத்துச் சரக்கு" ஆகிவிட்டது. சாப்பிடுவதில் மட்டும் எல்லைத் தகராறு இல்லை.

மார்கழி, தை மாதங்களில் வந்தால் அவருடைய கலையின் உச்சத்தைக் காணலாம். பனி விழும் அந்தப் பருவத்தில் அவரைக்கொட்டை சந்தையில் குவியும்; அதை வாங்கி வந்து பிதுக்கம்பருப்புக் குழம்பு வைப்பது இப்பிரதேசத்து வழக்கம். நளபாகர் இக்குழம்பின் செய்முறையைச் சொல்ல ஆரம்பித்தால் முதல் வாக்கியம், "அரைப்படி பிதுக்கம்பருப்பை எடுத்துக்கொள்ள வேண்டியது" என்பதாக இருக்கும். எங்கிருந்து எடுத்துக்கொள்வது? முதல்நாள் காயை உரித்து, கொட்டையை இரவெல்லாம் தண்ணீரில் ஊறப்போட்டு, விடியற்காலையில் குளிர்ந்த நீரில் கையை விட்டு ஒவ்வொரு கொட்டையாக எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, நசுங்கிவிடாத அளவு அழுத்தினால், தோல் விரலில் தங்க, பருப்பு மாத்திரம் வழுக்கிக்கொண்டு தட்டில் போய் விழும். இப்படியே அரைப்படி சேர்வதற்குள் விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கிவிடும், முதுகு பிடித்துக்கொள்ளும். வீட்டு அம்மாளும், அவருடைய நாத்தனாரும், பொங்கல் விடுமுறைக்கு வந்த மகளுமாக வட்டமாக உட்கார்ந்து இதை நடத்துகிறார்கள். நளபாகரும் ஒருமுறை மணை போட்டு உட்கார்ந்தார். நான்காவது பருப்பு அவருடைய மூக்குக் கண்ணாடியில் தெறித்தது. உடனே எழுந்து, மேற்பார்வையிடுவதற்கு நின்றுகொண்டிருப்பதே சௌகரியம் என்று தீர்மானித்துவிட்டார்.

அடுப்பில் சட்டி ஏறியதும் வீடே ஒரு கச்சேரியாக மாறுகிறது. அம்மியில் அரைத்த மசாலாதான் வேண்டும் என்பார்; அரைப்பவர் வேறு. விறகடுப்பில் வெந்தால்தான் ருசி என்று கொல்லையில் அடுப்பு மூட்டச் சொல்வார். ஊதுகுழலோடு கண்ணைக் கசக்குபவர் வேறு. "தேங்காய்!" என்றால் துருவிய தேங்காய் கைக்கு வர வேண்டும், "புளி!" என்றால் கரைத்து, வடிகட்டி, கோது நீங்கிய புளித்தண்ணீர் வர வேண்டும். புளியம்பழத்தை ஓடு உடைத்து, நார் எடுத்து, கொட்டை தட்டிக் கூலி வாங்கும் பெண்கள் நிறைந்த இந்த மாவட்டத்தில், புளி என்பது தண்ணீராகவே விளைவதாக ஒருவர் நம்பிக்கொண்டிருப்பது விந்தைதான். அவருடைய சொந்தக் கையால் நடப்பது, வந்தவற்றை வரிசையாகச் சட்டிக்குள் சரிப்பதும், கரண்டியால் ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் விட்டு, கண்ணை மூடி, நக்கிப் பார்த்து, "ஒரு கல் உப்பு" என்று தீர்ப்புச் சொல்வதும்தான்.

பொய் சொல்லலாகாது, குழம்பு நன்றாகவே இருக்கும். வேகவைத்த பருப்பு வாயில் கரைய, அரைத்த கொத்தமல்லியும் சோம்பும் பூண்டும் பின்னாலிருந்து மணக்க, இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். அதற்கான காரணத்தையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். நளபாகர் கூடத்துக்கு வந்து எங்களிடம் இக்குழம்பின் பூர்வோத்தரத்தை விவரித்துக்கொண்டிருந்த பத்து நிமிஷத்தில், அந்த அம்மாள் அடுப்படிக்குப் போய், தீயை இழுத்துவிட்டு, கொஞ்சம் புளித்தண்ணீர் சேர்த்து, ஒரு துண்டு வெல்லத்தையும் போட்டுக் கிளறிவிட்டு, ஒன்றும் அறியாதவர்போலத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

புத்தகம் பார்த்துச் சமைப்பவர் என்று அவரை யாரும் குற்றம் சாட்ட முடியாது. மீனாட்சி அம்மாள் 1951-இல் வெளியிட்ட 'சமைத்துப் பார்' அவர் வீட்டிலும் இருக்கிறது. மாமியார் வீட்டிலிருந்து வந்த பிரதி. சமையல் அறியாமல் புதுக்குடித்தனம் போகும் பெண்களும் தனியே நின்று ஒரு விருந்து ஆக்கிவிட வேண்டும் என்ற கருணையோடு, அளவுகளை நிறுத்து நிறுத்துச் சொன்ன நூல் அது. நளபாகர் அதைப் படிக்கவில்லை, திருத்தியிருக்கிறார். உத்தியோக காலத்துச் சிவப்பு மையால், ஓரங்களில், "பெருங்காயம் மிகை", "ஏன் நெய்?", "தருமபுரிக்குப் பொருந்தாது" என்றெல்லாம் குறிப்புகள் காணப்படுகின்றன. ஒரு பக்கத்தில் கையெழுத்தும் தேதியும்கூட இருக்கிறது. கோப்பு என்று நினைத்துவிட்டார் போலும்.

இவ்வளவு கீர்த்திக்கும் ஒரே ஒரு சோதனை உண்டு; அது களி. பிற பதார்த்தங்கள் எல்லாம் சமைப்பவர் பேசுவதைப் பொறுத்துக்கொள்ளும். சாம்பார் கொதிக்கும்போது திருக்குறளுக்கு உரை சொல்லலாம். பொரியல் வதங்கும்போது அரசியலை அலசலாம். கேழ்வரகுக் களி அதற்கெல்லாம் இடம் கொடுக்காது. உலை கொதித்து, கைப்பிடி நொய் வெந்ததும், மாவைக் குவியலாகக் கொட்டி, துடுப்பின் காம்பால் நடுவில் ஒரு குழி செய்து, நீர் அதன் வழியே பொங்கி மேலேறி மாவை வேகவைக்கும் வரை கைவைக்காமல் பொறுத்திருந்து, பிறகு பானையைத் தரையில் இறக்கி, அது சுழன்றுவிடாதபடி கவைக்கோலால் அண்டைகொடுத்துக்கொண்டு, இரு கையாலும் துடுப்பைப் பிடித்து, மூச்சடக்கிக் கிண்ட வேண்டும். ஒரு வாக்கியம் பேசினால் ஒரு கட்டி விழும். ஈரக்கையால் தொட்டுப் பார்த்து விரலில் ஒட்டாமல் வந்தால்தான் வெந்தது என்று பொருள்.

சென்னையிலிருந்து சம்பந்தி வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊர்ப்பெருமையைக் காட்டும் உற்சாகத்தில், நளபாகர் களிப் பானையின் முன்னால் சங்கல்பம் செய்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். சம்பந்தி பக்கத்திலேயே நாற்காலி போட்டுக்கொண்டு, கையில் சிறு குறிப்புப் புத்தகமும் வைத்திருந்தார். எழுதிக்கொள்ள ஒருவர் கிடைத்தால் நளபாகர் வாயை மூடுவது எப்படி? நாலு சுற்றுக் கிண்டுவதற்குள் ராகியின் சுண்ணாம்புச் சத்தைப் பற்றி ஒரு பிரசங்கம். மேலும் இரண்டு சுற்றில் நீரிழிவைப் பற்றி மற்றொன்று.

"ஏங்க, கட்டி தட்டுது. பேச்ச நிறுத்திட்டுக் கிண்டுங்க" என்றார் அந்த அம்மாள்.

"எனக்குத் தெரியும்" என்றார் நளபாகர். அதுவும் ஒரு வாக்கியம்தானே? இன்னொரு கட்டி விழுந்தது. துடுப்பு மாவில் சிக்கி நின்றது, இழுத்தார், பானையும் கூடவே வந்தது. நெற்றி வியர்வை மூக்குக் கண்ணாடியில் இறங்கி, பானை எது, சம்பந்தி எது என்று தெரியாத நிலை ஏற்பட்டது.

"மாமாவக் கூட்டிட்டுப் போயி விசிறியாண்ட உக்கார வையும்மா" என்று மகளிடம் சொல்லாமல் சொல்வதுபோலப் பார்த்து, அந்த அம்மாள் கணவரிடம், "சம்பந்தி எவ்வளவு நேரம் புகையில உக்காருவாரு? நீங்க கூட்டிட்டுப் போயிப் பேசிக்கிட்டு இருங்க. மிச்சம் ஒண்ணுமில்ல, நான் இறக்கி வைக்கிறேன்" என்றார். இதைவிடக் கௌரவமாக ஒரு சேனாதிபதியைக் களத்திலிருந்து விலக்கியதாக எந்தப் போர்ச் சரித்திரத்திலும் இல்லை.

கால் மணி நேரத்தில் இலையில் களி உருண்டை வந்தது. கட்டி ஒன்றுகூட இல்லை. ஈரக்கிண்ணத்தில் உருட்டியெடுத்த வழவழப்போடு, பக்கத்தில் புளிச்சகீரைக் கடைசலும் பிதுக்கம்பருப்புக் குழம்புமாக இருந்தது. சம்பந்தி முதல் வாயை மெல்ல ஆரம்பித்து, அது பல்லோடு ஒட்டிக்கொள்ளவே, திகைத்து விழித்தார். "மெல்லக் கூடாது, சம்பந்தி! கிள்ளி, குழம்பில் தோய்த்து, விழுங்க வேண்டும்" என்று நளபாகர் செய்து காட்டினார். அப்படியே செய்து பார்த்த சம்பந்தி பரமானந்தம் அடைந்து, இடக்கையால் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, "எல்லாம் எழுதிவிட்டேன். தண்ணீர் எவ்வளவு என்று மட்டும் சொல்லவில்லையே?" என்று கேட்டார்.

நளபாகர் ஒரு கணம் மேலே பார்த்தார். "தண்ணீர் என்பது, சம்பந்தி, சொல்லிக்கொடுத்து வருவதல்ல. கைப்பக்குவம். அனுபவம்…"

"ஒரு படி மாவுக்கு ரெண்டு படிங்க, அண்ணா" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"அதேதான்" என்றார் நளபாகர், கொஞ்சமும் தயங்காமல். சரியாக எழுதிக்கொள்கிறாரா என்று சம்பந்தியின் தோள்மேலாக எட்டியும் பார்த்தார். நானும் பார்த்தேன். பக்கத்தின் தலைப்பில் நளபாகரின் பெயரும், அதன் கீழ்க் கோடு கிழித்து, அவருடைய பழைய உத்தியோகமும் எழுதியிருந்தது.