வரிக்கு வாசல், வழக்குக்குச் சுவர்

2022 ஏப்ரல் 1 அன்று இந்தியாவில் இரண்டு விதிகள் ஒன்றாக நடைமுறைக்கு வந்தன. ஒன்று அரசு போட்டது: கிரிப்டோ விற்றுக் கிடைக்கும் லாபத்தில் 30 சதவீதம் வரி. இன்னொன்று விளம்பரத் துறையினர் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்டது: கிரிப்டோ விளம்பரம் எதுவானாலும், 'இது ஒழுங்குமுறைக்கு உட்படாதது, பணம் போனால் முறையிட இடமில்லாமல் போகலாம்' என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை இருக்க வேண்டும். முட்டாள்கள் தினத்தில் வந்தது தற்செயல்தான். நிதியாண்டு அன்றைக்குத்தான் பிறக்கிறது. ஆனால் இரண்டையும் சேர்த்துப் படித்தால் டிஜிட்டல் சொத்து பற்றி இந்திய அரசுக்கு இருக்கும் மொத்தக் கொள்கையும் கைக்கு வந்துவிடும். லாபம் வந்தால் எங்களிடம் வா, நஷ்டம் வந்தால் யாரிடமும் போகாதே. விளம்பரக்காரர்கள் அரசாங்கத்தைவிட உண்மை பேசிய நாள் நம் சரித்திரத்தில் வேறு உண்டா என்று யாராவது தேடிச் சொல்ல வேண்டும்.

அதற்கு முந்தைய கதையும் ரசிக்கத்தக்கதே. 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, கிரிப்டோ வியாபாரம் செய்பவர்களுக்கு எந்த வங்கியும் சேவை தரக்கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. 2019இல் சுபாஷ் சந்திர கார்க் குழு, மொத்தமாகத் தடை செய்யுங்கள் என்றது. கூடவே தந்த வரைவு மசோதாவில் 10 ஆண்டு வரை சிறை. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையைத் தூக்கி எறிந்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் கேட்டதன் சாரம் எளிமையானது: கிரிப்டோவைத் தடை செய்யும் சட்டமே நாட்டில் இல்லை, உங்கள் கண்காணிப்பில் உள்ள வங்கி எதற்கும் பாதிப்பு வந்ததாகக் காட்டவும் இல்லை, பிறகு எதற்கு ஒரு தொழிலின் கழுத்தை நெரிக்கிறீர்கள்? 2021இல் மசோதா வரும் என்று நாடாளுமன்ற நிகழ்ச்சி நிரலில் இரண்டு கூட்டத்தொடர்களில் அறிவித்தார்கள். பெயர் வைத்தார்கள்; பிள்ளையைக் காணோம்.

பிள்ளைக்குப் பதிலாக 2022 பிப்ரவரி 1 அன்று பட்ஜெட் வந்தது. மூன்று வருடம் முன்பு பத்தாண்டு சிறைக்கு உரியதாக இருந்த காரியத்தில், அரசாங்கம் முப்பது சதவீதப் பங்காளியாகச் சேர்ந்துகொண்டது. நஷ்டத்தில் பங்கில்லாத பங்காளி.

மாநிலங்களவையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: இது சட்டப்படி சரியா தவறா என்பது வேறு கேள்வி, வரி போடுவது அரசின் இறையாண்மை உரிமை. அதற்கு முதல் நாள்தான் ரிசர்வ் வங்கி ஆளுநர் சக்திகாந்த தாஸ், இந்தக் காயின்களுக்குப் பின்னால் எதுவுமே இல்லை, ஒரு துலிப் பூகூட இல்லை என்றிருந்தார். சில நாளில் துணை ஆளுநர் ரபி சங்கர், இது போன்சி மோசடி போன்றது, அதைவிட மோசமாகவும் இருக்கலாம் என்றார். ஆக, ஒரு பூகூட இல்லாத, மோசடியைவிட மோசமான ஒன்றில் 30 சதவீதம் எங்களுக்கு என்கிறது ஓர் அரசு. ஊர்ப் பக்கம் இப்படி ஒருவர் பேசினால் அவருக்கு வேறு பெயர் வைப்போம். டெல்லியில் அதற்கு நிதி நிர்வாகம் என்று பெயர்.

வரியின் அழகைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 30 சதவீதம் என்பது லாட்டரிக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் போடுகிற விகிதம். ஒருவர் ஒரு காயினில் 1 லட்சம் லாபம் பார்க்கிறார், இன்னொன்றில் 1 லட்சம் விடுகிறார். கையில் மிச்சம் பூஜ்யம். பங்குச்சந்தையாக இருந்தால் லாபத்தில் நஷ்டத்தைக் கழிக்கலாம், கழியாத நஷ்டத்தை எட்டு வருடம் வரை சுமந்துபோய்க் கழிக்கலாம். இங்கே அதெல்லாம் கிடையாது. பூஜ்யம் சம்பாதித்தவர் செஸ்ஸோடு சேர்த்து 31,200 ரூபாய் கட்ட வேண்டும். போதாக்குறைக்கு 2022 ஜூலை 1 முதல், விற்கும்போதெல்லாம் விற்ற தொகையில் 1 சதவீதம் டிடிஎஸ். நஷ்டத்துக்கு விற்றாலும் பிடித்தம் உண்டு. ரிட்டர்ன் போட்டு, காத்திருந்து வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். வருமான வரிப் படிவத்தில் இதற்கென்றே தனி அட்டவணை இருக்கிறது. எந்தத் தேதியில் வாங்கினாய், எந்தத் தேதியில் விற்றாய், என்ன விலை, ஒவ்வொன்றாக எழுது. நாடாளுமன்றத்துக்கு அறிமுகமே இல்லாத பொருளோடு வருமான வரித்துறைக்கு இவ்வளவு நெருக்கம்.

இதற்கு இலக்கணம் வகுத்தார்களே, அதுவும் ஒரு கூத்து. மறைகுறியீட்டு முறையிலோ வேறு எந்த வகையிலோ உருவான, எந்தப் பெயரில் அழைக்கப்பட்டாலும் சரி, மதிப்பைக் குறிக்கிற எந்தத் தகவலும், எண்ணும், டோக்கனும் மெய்நிகர் டிஜிட்டல் சொத்து என்று எழுதிவைத்தார்கள். வலையை இவ்வளவு அகலமாக விரித்தபோது மளிகைக்கடை ஆப்பில் கிடைக்கிற ரிவார்டு பாயின்டும் கிஃப்ட் கார்டும் விமானக் கம்பெனியின் மைலேஜ் பாயின்டும் அதில் விழுந்து துடித்தன. டிடிஎஸ் தொடங்குவதற்கு முதல் நாள், ஜூன் 30 அன்று, இவையெல்லாம் சேராது என்று அவசரமாக ஓர் அறிவிப்பு வந்தது. பிட்காயின் எது, பிரியாணிக் கூப்பன் எது என்று பிரித்தறிய நம் நிதியமைச்சகத்துக்கு ஐந்து மாதம் பிடித்தது.

வசூல் என்றால் மட்டும் தடுமாற்றமே இல்லை. வாசிர்எக்ஸ் என்ற கிரிப்டோ எக்ஸ்சேஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 டிசம்பரில் ஜிஎஸ்டி துறை அதனிடம் வட்டி அபராதத்தோடு 49.20 கோடி வசூலித்தது. 2022 ஆகஸ்டில் அமலாக்கத்துறை 64.67 கோடியை முடக்கியது, பிறகு விடுவித்தது. 2023 மார்ச்சில் எல்லா எக்ஸ்சேஞ்சுகளையும் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் இழுத்தார்கள்: ஒவ்வொரு வாடிக்கையாளரின் அடையாளத்தையும் வாங்கி வை, சந்தேகம் வந்தால் எங்களுக்குச் சொல். அந்த வருடக் கடைசியில் பைனான்ஸ் உள்ளிட்ட ஒன்பது வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு நோட்டீஸ் போனது. பைனான்ஸுக்கு 18.82 கோடி அபராதம். வாடிக்கையாளர் அரசுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதற்கு விதி இருக்கிறது. எக்ஸ்சேஞ்ச் அரசுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் இருக்கிறது. எக்ஸ்சேஞ்ச் வாடிக்கையாளருக்கு என்ன செய்ய வேண்டும் என்பதற்கு மட்டும் இந்தத் தொழிலுக்கென்று ஒரு வரி கிடையாது. அவர் காயினைக் கம்பெனிக் காயினோடு கலக்காதே என்று சொல்லவும் ஆளில்லை, காப்பீடு எடு என்று சொல்லவும் ஆளில்லை.

ஆளில்லாத வீட்டுக்குள் 2024 ஜூலை 18 அன்று திருடன் வந்தான். வாசிர்எக்ஸிலிருந்து ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய் மதிப்புள்ள காயின்கள் போயின. வாடிக்கையாளர்கள் வைத்திருந்ததில் கிட்டத்தட்ட 45 சதவீதம். கம்பெனி வெட்கப்படவில்லை, திருட்டை எல்லோருக்கும் பங்குபோட்டுக் கொடுக்க முன்வந்தது. உன் காயின் திருடுபோகவில்லையா, பரவாயில்லை, 55 சதவீதத்தை எடுத்துக்கொள், மிச்சம் முடக்கம். கூச்சல் கிளம்பியதும் அந்த யோசனையைப் பின்வாங்கினார்கள். சரி, முதலாளி யார் என்று கேட்கலாமா? 2019இல் பைனான்ஸ் தான் வாங்கிவிட்டதாக அறிவித்தது. அமலாக்கத்துறை வாசற்படி ஏறிய 2022இல், அந்தக் கிரயம் முடியவே இல்லை என்றது. வாசிர்எக்ஸ்காரர்களோ, இல்லை, பைனான்ஸ்தான் வாங்கியது என்றார்கள். சொத்துக்குச் சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். சொத்து என்னுடையது இல்லை என்று இரண்டு பக்கமும் சத்தியம் செய்கிற தகராறு இந்த நூற்றாண்டின் புதுமை.

திருடன் யார் என்பதிலாவது தெளிவு கிடைத்தது, ஆனால் நம்மவர்களிடமிருந்து இல்லை. 2025 ஜனவரியில் அமெரிக்காவும் ஜப்பானும் தென்கொரியாவும் விட்ட கூட்டறிக்கையில், வாசிர்எக்ஸில் கைவைத்தது வடகொரியா என்று அமெரிக்காவும் தென்கொரியாவும் சொல்லியிருந்தன. பறிகொடுத்தது இந்தியர்கள், திருடனைப் பெயர் சொல்லிக் காட்டியவை அயல்நாடுகள். அந்த அறிக்கையில் இந்தியாவின் கையெழுத்து இல்லை. தன் குடிமக்களின் 2,000 கோடியை இன்னொரு நாடு தூக்கிக்கொண்டு போனதாக ஊரார் சொல்லும்போது, வீட்டுக்காரன் மட்டும் டிடிஎஸ் சலானை எண்ணிக்கொண்டிருந்தான்.

பணத்தை மீட்கும் வழக்கு எங்கே நடந்தது? சிங்கப்பூரில். தாய்க் கம்பெனி அங்கே இருக்கிறதாம். திருப்பூரிலும் திண்டுக்கல்லிலும் இருந்தபடி ரூபாயில் போட்ட பணம் என்ன ஆகும் என்பதைச் சிங்கப்பூர் நீதிமன்றம் முடிவுசெய்யும். கடனீந்தோர் என்ற தகுதியில் நீங்கள் ஆன்லைனில் ஓட்டுப் போடலாம். நடுவில் பனாமா நாட்டுக் கம்பெனி ஒன்றின் பெயர் வேறு அடிபட்டது. இங்கே பாதிக்கப்பட்ட சிலர் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். இது கொள்கை விஷயம், அரசிடம் போங்கள் என்றது நீதிமன்றம். அரசிடம் போனால் கொள்கை இல்லை. உள்ளூர்க் காவல் நிலையத்துக்குப் போனால், எந்த பேங்க், எந்த பிராஞ்ச் என்பார்கள். பேங்க் இல்லை என்றால், அப்புறம் என்ன பணம் என்பார்கள். அந்த ஏட்டையாவைக் குறை சொல்ல மாட்டேன். ரிசர்வ் வங்கி ஆளுநருக்கே கண்ணில் படாத பூவை அவர் எங்கே போய்த் தேடுவார்?

நான் பிட்காயின் பக்தன் இல்லை. ஆறு மாதத்தில் பத்து மடங்கு என்று யூடியூபில் பல்லிளிக்கிற காயின் குருமார்களைப் பார்த்தால் எனக்கும் பற்றிக்கொண்டுதான் வருகிறது. இது விஷம் என்று அரசு உண்மையிலேயே நினைத்தால் தடை செய்யட்டும், கைதட்டுகிறேன். தடை செய்ய அவர்களுக்குத் தெரியாது என்று சொல்லாதீர்கள். 2025 ஆகஸ்ட் 20 அன்று பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு எதிரான மசோதா மக்களவையில் வந்து அன்றே நிறைவேறியது. 21 அன்று மாநிலங்களவை. 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல். மூன்று நாள். அங்கேயும் வரி வந்துகொண்டுதான் இருந்தது. மனம் இருந்தால் மூன்று நாள் போதும். கிரிப்டோ சுற்றறிக்கை விழுந்து ஐந்து வருடத்துக்கு மேல் ஆகியும் மனம்தான் வரவில்லை. விவாத அறிக்கை ஒன்று 2024 செப்டம்பருக்குள் வரும் என்றார்கள். சட்டம்கூட இல்லை, விவாதம் செய்வதற்கான அறிக்கை. அந்த செப்டம்பர் வந்தது, அறிக்கை வரவில்லை.

ஏன் ஒழுங்குபடுத்தவில்லை என்று கேட்டால் ரிசர்வ் வங்கித் தரப்பில் ஒரு பதில் தயாராக இருக்கிறது: ஒழுங்குபடுத்தினால் அங்கீகாரம் கொடுத்ததாக ஆகிவிடும். இதைச் சொல்லும்போது யாருக்கும் சிரிப்பு வரவில்லை என்பதுதான் வியப்பு. தனி அட்டவணை போட்டு வரி வாங்கினால் அங்கீகாரம் ஆகாது. எக்ஸ்சேஞ்சைப் பதிவு செய்யச் சொன்னால் ஆகாது. ரெய்டில் அகப்பட்டால் கணக்கில் காட்டாத வருமானமாகக் கிரிப்டோவைச் சேர்க்கலாம் என்று 2025இல் சட்டத்தைத் திருத்தினால் ஆகாது. வாங்கியவனுக்குப் பாதுகாப்புக் கொடுத்தால் மட்டும் ஆகிவிடும். டாஸ்மாக் பாட்டிலில்கூட ஹாலோகிராம் ஸ்டிக்கர் உண்டு. குடி கேடு என்று எச்சரித்துக்கொண்டே விற்கிற அரசு, அது கள்ளச்சரக்கு இல்லை என்ற குறைந்தபட்சப் பொறுப்பையாவது ஏற்கிறது. உலகமே ஒருமித்து முடிவெடுக்கட்டும் என்பது இன்னொரு சாக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தின் கிரிப்டோ சட்டம் 2024 டிசம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வந்துவிட்டது. அமெரிக்காவில் ஸ்டேபிள்காயின் சட்டத்தில் அதிபர் கையெழுத்திட்டது 2025 ஜூலை 18 அன்று. வாசிர்எக்ஸ் திருட்டுக்குச் சரியாக முதலாண்டு நினைவு நாள்.

கடைசியில் ஒரு மனுவின் மேல் தீர்ப்பு எழுத வேண்டிய வேலை சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்தது. சுமார் 2 லட்சம் ரூபாய்க்கு எக்ஸ்ஆர்பி காயின் வாங்கி வாசிர்எக்ஸில் வைத்திருந்தவர் ஒருவர், திருடுபோனது வேறு காயின், என் காயின் அப்படியே இருக்கிறது, அதை ஏன் முடக்கினீர்கள் என்று கேட்டார். சிங்கப்பூரில் நடப்பது அங்கே, பணம் சென்னை வங்கிக் கணக்கிலிருந்து போயிருக்கிறது என்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் வழக்கைக் கையில் எடுத்தார். 2025 அக்டோபரில் அவர் சொன்னது: கிரிப்டோ, கையில் பிடிக்கிற பொருளும் இல்லை, நாணயமும் இல்லை, ஆனால் அது சொத்து, ஒருவருக்காக இன்னொருவர் நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கத் தக்கது. மனுதாரருக்கு இடைக்காலப் பாதுகாப்பும் கிடைத்தது. இதைச் சொல்ல அவர் நியூசிலாந்துத் தீர்ப்பு வரை போக வேண்டியிருந்தது. இந்தியச் சட்டப் புத்தகத்தில் இந்தப் பொருளுக்கு இலக்கணம் என்று அவருக்குக் கிடைத்தது வருமான வரிச் சட்டத்தில் இருந்த அந்தப் பிரியாணிக் கூப்பன் வாக்கியம்தான்.

அதே அக்டோபரில் சிங்கப்பூர் நீதிமன்றம் மீட்புத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்து, வாசிர்எக்ஸ் கணக்குகள் பதினைந்து மாதத்துக்குப் பிறகு திறந்தன. போனது போக, இருந்ததில் ஒரு பகுதி திரும்பியது. மிச்சத்துக்கு மீட்பு டோக்கன் என்று ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். பிள்ளையின் காலேஜ் ஃபீஸுக்கோ வீட்டுக் கடனுக்கோ அவசரப்பட்டு, வந்ததை அன்றைக்கே விற்றவர்கள் இருந்திருப்பார்கள். ஒவ்வொரு விற்பனையிலும் 1 சதவீதம் பிடித்தம் ஆகியிருக்கும். திருட்டில் போனதை வருமான வரிக் கணக்கில் கழிக்க இன்றைக்கும் வழி இல்லை.