அட்டையின் நிறம்

1980களின் கடைசியில் மைக்ரோசாஃப்டில் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் இருவர். ஒரே வேலை, ஒரே மேலாளர், ஒரே நேரம்; காகிதம், கருவி எல்லாம் கம்பெனியுடையவை. ஒருவர் ஊழியர். மற்றவர் சுயேச்சை ஒப்பந்ததாரர், அதாவது தமக்குத் தாமே முதலாளி! நம்பாவிட்டால் அடையாள அட்டையைப் பாருங்கள், நிறமே வேறு. மின்னஞ்சல் முகவரியும் வேறு. கம்பெனி விருந்துக்கு அழைப்புக் கிடையாது. ஒரு முதலாளி இன்னொரு முதலாளி செலவில் சாப்பிட்டால் கௌரவம் என்ன ஆவது? சம்பளமும் இல்லை, பில் போட்டுத்தான் வாங்க வேண்டும். ஓவர்டைம் பற்றி மூச்சு விடக்கூடாது.

அமெரிக்க வருமான வரித் துறைக்கு நிறங்களில் ரசனை போதாது. வேலை ஏவுவது யார், கேட்டு நடப்பது யார் என்று பழைய கேள்விகளையே கேட்டு, இவர்களும் ஊழியர்கள்தான் என்றது. கம்பெனியும் தலையாட்டியது. ஆனால் பலரிடம், தற்காலிக ஊழியர் ஏஜென்சியின் ஆளாக வாருங்கள், இல்லையேல் கிளம்புங்கள் என்றது.

வினை பிறகுதான். வரிக்கு ஊழியர் என்றால், தள்ளுபடியில் கம்பெனிப் பங்கு வாங்கவும் ஊழியர்தானே என்று 1992இல் வழக்கு. ‘சலுகை கேட்கமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டீர்களே’ என்றது கம்பெனி. மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அந்தக் கையெழுத்து எடுபடவில்லை. 2000இல் 9.7 கோடி டாலருக்குச் சமரசம். அதில் கணிசமான பங்கு வக்கீல்களுக்கு. இந்தக் கதையில் யாரும் சந்தேகப்படாத அசல் சுயேச்சை ஒப்பந்ததாரர்கள் அவர்கள்தான்.