கடலில்லாத ஊரின் மீன்

பெரிய காஞ்சிபுரத்துக்காரனிடம் போய் 'உள்ளூர்க் கடல் மீன்' என்று சொல்லிப் பாருங்கள். உங்களை ஏற இறங்கப் பார்ப்பான். எங்களுக்கு உள்ளூர் மீன் என்றால் ஏரியில் பிடித்த விராலும் கெளுத்தியும்தான். மாமல்லபுரம் சுமார் 65 கிலோமீட்டர். கடல் மீன் ஐஸ் பெட்டியில் குலுங்கிக் குலுங்கி வந்து, நம்மைவிடக் களைத்துப்போன முகத்தோடு தட்டில் படுத்திருக்கும்.

ஒரகடத்தில் ஜப்பான் கம்பெனி ஒன்றில் சேர்ந்து, அங்கிருந்து ஒசாகாவுக்கு மாற்றலான என் அக்கா மகன், "மாமா, கியோட்டோவில் கைசெகி விருந்து சாப்பிடலாம், உள்ளூர் மீன் அங்கே விசேஷம்" என்றான். வரைபடத்தைப் பார்த்தேன். கியோட்டோ நகரத்துக்கும் கடற்கரை கிடையாது! கோயில் ஊர், பட்டு நெசவு ஊர், கடலில்லாத ஊர். சம்பந்தம் பேசலாம் போலிருந்தது.

கடை ஒரு சந்துக்குள் இருந்தது. மொத்தமே எட்டுப் பேர் உட்காரும் மரப்பலகை, எதிரே சமையல்காரர். மெனு கிடையாது, அவர் கொடுப்பதுதான் சாப்பாடு. என் வீட்டிலும் அதே ஏற்பாடுதான், பில் மட்டும் வராது.

பதினாறாம் நூற்றாண்டில் சென் நோ ரிக்யூ என்ற தேநீர் ஆசான், கெட்டித் தேநீர் வெறும் வயிற்றைப் புரட்டுமே என்று அதற்கு முன்னால் ஒரு சூப்பும் மூன்று தொட்டுக்கொள்ளலும் கொடுத்த வழக்கத்தில் கிளைத்ததாம் இந்த விருந்து. எங்களூரில் டீக்கு முன்னால் ஒரு வடை. தத்துவம் ஒன்றுதான்.

முதலில் ஒரு கிண்ணத்தில் ஒரு வாய் ஏதோ வந்தது. பிறகு சூப். பிறகு மூன்றே துண்டு பச்சை மீன். "சோறு எப்போடா வரும்?" என்றேன். "பொறுங்க மாமா." அடுத்து, ஆற்றில் பிடித்த அயு மீன், உப்புத் தடவிச் சுட்டது. நீந்திக்கொண்டிருப்பதுபோல உடம்பை வளைத்துக் கம்பியில் குத்தியிருந்தார்கள். தலையோடு தின்ன வேண்டுமாம். குடல் கசக்கும், அந்தக் கசப்புதான் ருசியாம். "சோறு?" "மாமா!"

பிறகுதான் ஹமோ வந்தது. கடல் விலாங்கு வகை. நம் வங்கக் கடலிலும் இந்த இனம் உண்டு. உடம்பெல்லாம் பொடி முள். ஆனால் தண்ணீரை விட்டு எடுத்தாலும் நெடுநேரம் உயிர் தாங்கும். ஐஸ் இல்லாத காலத்தில், கோடை வெயிலில், கியோட்டோ வரை உயிரோடு வந்து சேர்ந்த வெகு சில மீன்களில் ஒன்று. வந்த மீனை முள்ளுக்குப் பயந்து திருப்பி அனுப்ப முடியுமா? கனமான கத்தியை எடுத்தார் சமையல்காரர். சரக், சரக், சரக். மூன்று சென்டிமீட்டருக்கு இருபதுக்கும் மேற்பட்ட வெட்டு. ஒவ்வொன்றும் முள்ளை அறுக்கிறது, அடியிலிருக்கும் தோலை மட்டும் தொடுவதில்லை. கொதிநீரில் அதைக் காட்டியதும் சதை வெள்ளைப் பூவாக விரிந்தது. மேலே புளிப்பான உமே பழ விழுது. வாயில் ஒரு முள் தட்டவில்லை. நான் சோற்றை மறந்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற கண், அடுத்து கடைக்கார அம்மாவின் இடுப்புப் பட்டையில் போய் நின்றது. அந்த ஊர் நிஷிஜின் நெசவு. மருமகன் மூலமாக விசாரித்தேன். எங்கள் ஜரிகை பட்டு நூலில் வெள்ளி இழை சுற்றித் தங்கம் பூசியது. அவர்கள் தங்க ரேக்கைக் காகிதத்தில் ஒட்டி, மெல்லிய இழையாக நறுக்கி நெய்கிறார்கள். அந்த அம்மா மலர்ந்துபோய், கேட்காத மீனுக்கெல்லாம் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். ஹமோ செட்டோ உள்கடலிலிருந்து வருகிறது. சூப்புக்கான கடற்பாசி, வடகோடி ஹொக்கைடோவிலிருந்து. அந்தக் காலத்தில் கானாங்கெளுத்தியை உப்புப் போட்டு வகாசா விரிகுடாவிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் மலைப்பாதையில் தோளில் சுமந்து வந்தார்களாம்.

"அப்படியானால் இதில் எதுங்க உள்ளூர்?" என்று கேட்க வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன். காஞ்சிப் பட்டுக்குக் கச்சாப் பட்டு கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. ஊருக்குள் ஒரு முசுக்கொட்டைத் தோட்டம் இல்லை. ஆனால் 2005இல் புவிசார் குறியீடு எங்களூர் பேருக்குத்தான் வந்தது. கை எந்த ஊரோ அந்த ஊர்ப் பொருள்!

கடைசியில் சோறு வந்தது. கூடவே மிசோ சூப்பும் ஊறுகாயும். மோர் கேட்டேன், மருமகன் அதை மொழிபெயர்க்க மறுத்துவிட்டான்.

ஜூலையில் கியோன் திருவிழா; ஹமோவுக்கு அதுதான் பருவம். போகிறவர்கள் ஹமோவைத் தவறவிடாதீர்கள். சோறு கடைசியில்தான் வரும், ஆனால் கட்டாயம் வரும். நடுவில் மருமகனைத் தொந்தரவு செய்யாதீர்கள். பில் கட்டப்போவது அவன்தான்.