கடாரத்தில் ஒரு பேசும் பூட்டு

சுங்கை பட்டாணி, கெடா
வெள்ளி இரவு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்திக்கு முட்டிவலி தேவலையா?

வாசல் போட்டோவைப் பார்த்துவிட்டு, “கதவுல பூட்டையே காணோம், திண்டுக்கல்காரன் வீடாடா இது?” என்று கேட்டிருந்தீர்கள். பூட்டு இருக்கிறது. கைப்பிடி மாதிரி கறுப்பாக, நீளமாக ஒன்று தெரிகிறதே, அதுதான். கட்டைவிரல் வைத்தால் திறக்கும், நம்பர் அழுத்தினால் திறக்கும், அட்டையைக் காட்டினால் திறக்கும். ஈப்போவில் இருக்கும் வீட்டுக்காரம்மா போனிலிருந்தும் திறக்கலாம் என்று சொல்லித்தான் வாடகையை ஏற்றினார். இத்தனை வழி இருந்தும் இன்று காலை திறக்கவில்லை.

முதலில் இதன் வாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல் நாகல் நகரில் நீங்கள் செய்த மணிப்பூட்டு சாவியைத் திருப்பினால் மணியடிக்கும், அதோடு சும்மா இருக்கும். இது பேசும், அதுவும் சீனத்தில். மொழியை மாற்ற ஒரு தலைமை நம்பர் வேண்டும்; வீட்டுக்காரம்மா அதைப் பெற்ற பிள்ளைக்கும் சொல்ல மாட்டார். ஆக, என் சீன ஞானம் முழுக்கப் பூட்டு போட்ட பிச்சை: கதவு திறந்தது, கதவு பூட்டியது, மீண்டும் முயலவும். உங்கள் பேத்தி மூன்றையும் என்னைவிடச் சுத்தமாகச் சொல்கிறாள். போன வாரம் காய்கறிக் கடைச் சீனப் பாட்டி பெயர் கேட்டதற்கு “மீண்டும் முயலவும்” என்றாள். பாட்டி சிரித்துவிட்டு ஒரு ஆரஞ்சு கொடுத்தார்.

இன்னொரு வித்தையும் உண்டு. யாராவது எட்டிப் பார்த்து நம்பரைத் தெரிந்துகொள்வார்கள் என்று பயமிருந்தால், சரியான எண்ணுக்கு முன்னாலும் பின்னாலும் கைக்கு வந்ததை அழுத்திக்கொள்ளலாம். நடுவில் நம் நம்பர் வரிசையாக வந்தால் போதும். உங்கள் மருமகள் இதைச் சாமி வாக்காக எடுத்துக்கொண்டுவிட்டாள். கீரைக்கட்டை இடுக்கிக்கொண்டு அழுத்துவாள், அழுத்துவாள், அழுத்திக்கொண்டே இருப்பாள். இவள் தினமும் வாசலில் நின்று இந்தியாவுக்குப் போன் போடுகிறாள் என்று எதிர்வீட்டு மலாய் மக்சிக் (நம் ஊர் அத்தை மாதிரி) வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தாராம்.

இன்று காலை அம்மாவும் மகளும் பீடோங்கில் ஒரு தோழி வீட்டுக்குப் போயிருந்தார்கள். நான் லுங்கியோடு குப்பை போட வெளியே வந்தேன். கதவு சாத்தியதும் தானே பூட்டிக்கொண்டது. திரும்பி வந்து விரல் வைத்தால் விளக்கு எரிகிறது, மோட்டார் உறுமுகிறது, நாக்கு மட்டும் நகரவில்லை. மீண்டும் முயலவும். போன், சட்டை, பாஸ்போர்ட் எல்லாம் உள்ளே. ஆபத்துக்கென்று கொடுத்த இரும்புச் சாவி ஈப்போவில். 1025இல் இந்தக் கெடாவுக்கு, அன்றைய கடாரத்துக்கு, படையெடுத்த ராஜேந்திர சோழன், ஸ்ரீவிஜயத்தின் மணிக் கதவுகளைக்கூட மெய்க்கீர்த்தியில் எழுதி வைத்துவிட்டுப் போனார். அவருக்குக் கப்பற்படை இருந்தது.

மக்சிக்கின் போனை வாங்கி வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டேன். அவர் அங்கிருந்து அழுத்தினார். “கதவு திறந்தது” என்றது பூட்டு. கதவு திறக்கவில்லை. சித்தப்பா, பொய் சொல்கிற பூட்டை நீங்கள் செய்ததுண்டா?

கம்பெனிக்குப் போன் செய்தால் வரிசை எண் கேட்டார்கள். அது பேட்டரி மூடிக்கு அடியில் இருக்கிறதாம். மூடி கதவுக்கு உள்பக்கம். இங்கே மின்கம்பம், ஷட்டர் என்று எங்கும் ‘துக்காங் கூஞ்சி’ ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், பூட்டுக்காரர் நம்பரோடு. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். இன்றோ வெள்ளி. அதனால் 24 மணி நேரச் சேவை என்று போட்டிருந்தவர், தொழுகை முடிந்து மூன்று மணிக்கு மேல் பார்க்கலாம் என்றார். இன்னொருவர் பூட்டைப் பார்க்காமலே, துளை போட அறுநூறு ரிங்கிட், புதுப் பூட்டு தனி என்றார். பார்க்காமலே துளை போடுகிறேன் என்பவன் பூட்டுக்காரன் இல்லை என்று நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதானே. வைத்துவிட்டேன்.

கடைசியில் மக்சிக்தான் பழைய டவுன் கடைவரிசையின் அஞ்சடி நடைபாதையில் சாவி வெட்டும் ஒரு தமிழரைக் கூப்பிட்டார். அறுபது வயதிருக்கும். மோட்டார் சைக்கிளை நிறுத்தியதும் முதல் கேள்வி: “இது உங்க வீடுதான்னு எப்படித் தெரியும்?” நியாயமான கேள்வி. பாஸ்போர்ட்டைக் காட்டலாம் என்றால் அது உள்ளே. மக்சிக் சாட்சி சொன்னார்: “வாசலில் நின்று இந்தியாவுக்குப் போன் போடுமே, அந்தப் பெண்ணின் புருஷன்.” அதை ஏற்றுக்கொண்டார்.

நம்பர் பலகையை அவர் தொடவே இல்லை. காதை வைத்துக் கேட்டார். கைப்பிடியைப் பற்றிக் கதவைத் தன் பக்கம் இறுக்கி இழுத்துக்கொண்டு, “இப்ப விரலை வைங்க” என்றார். திறந்துகொண்டது.

உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். மழையில் கதவு ஊதிவிட்டது. மாட்டியவர்கள் நிலைச்சட்டத்தில் நாக்கு போகும் ஓட்டையை இம்மியும் விடாமல் வெட்டியிருக்கிறார்கள். நாக்கு சிக்கச் சிக்க மோட்டார் முக்குகிறது, பேட்டரியும் சீக்கிரம் காலியாகிறது. அவர் நாக்கின் நுனியில் மார்க்கர் மையைத் தடவி, கதவைச் சாத்திப் பார்த்து, மை ஒட்டிய இடத்தை மட்டும் தேய்த்தார். எதனால்? அரத்தால்! அத்தனை மின்சாரத்துக்கும் மருந்து ஒரு அரை வட்ட அரம். நாலு பேட்டரியையும் ஒரே நேரத்தில் மாற்றச் சொன்னார், அல்கலைன் மட்டும், சார்ஜ் ஏற்றுவது ஆகாது. பேட்டரி செத்துப்போனால் வெளியே அடியில் இருக்கும் இரண்டு புள்ளிகளில் 9 வோல்ட் பேட்டரியை வைத்தால் உயிர் வருமாம்.

எண்பது ரிங்கிட் வாங்கினார். நம் ரூபாய்க் கணக்கில் ஆயிரத்தைந்நூறுக்கு மேல். அரைமணி நேர அர வேலை. அலிகார் பூட்டின் விலையைக் காட்டிக் காட்டி வியாபாரிகள் உங்கள் கூலியைக் குறைத்ததுதான் ஞாபகம் வந்தது. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். உங்கள் கூலி ஏறியதாக நீங்கள் சொல்லி நான் கேட்கவில்லை. இங்கே யாராவது ‘திண்டுக்கல்லா, பிரியாணி ஊரா?’ என்றால் இன்னும் எரிகிறது.

டீ குடிக்கும்போது பூட்டுக்காரர் சொன்னார்: இந்தத் தாமான் குடியிருப்பு இருக்கும் இடம் முழுக்க ஒருகாலத்தில் ரப்பர்த் தோட்டமாம், அவர் அம்மா இங்கேதான் பால்மரம் வெட்டினாராம். அம்மாவின் கட்டைவிரல் ரேகை தேய்ந்துபோய், மகன் வீட்டுப் பூட்டே அவரை ஏற்கவில்லை. அட்டையைக் கயிற்றில் கோர்த்து அம்மா கழுத்தில் போட்டிருக்கிறார். ரேஷன் கடை மெஷினில் உங்கள் விரல் பட்ட பாட்டை நானும் சொன்னேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பூட்டோடு வந்த அட்டை ஒன்று இங்கே சும்மா கிடக்கிறது, அது உங்களுக்கு. நம் ஆட்களுக்கு இப்போது முப்பது நாள் வரை விசா வேண்டாம். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டுத் தீபாவளிக்கு முன் வந்து சேருங்கள். உங்கள் அரத்தைப் பார்க்க வேண்டும் என்று அந்த மனிதர் கேட்டிருக்கிறார். கொண்டு வாருங்கள், ஆனால் கைப்பையில் வைக்காதீர்கள். விமானத்தில் பெட்டியோடு போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்