ஏழு விசில் மாமா

"ஏழு விசில்" என்பார். எப்படிப் பண்ணினீர்கள் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மதர் டெய்ரி பூத்தில் பால் வாங்கும் வரிசை, டெல்லி ஜனக்புரி வெஸ்ட் மெட்ரோவின் எஸ்கலேட்டர், தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் தலைமை விருந்தினர் பேசிக்கொண்டிருக்கும் நேரம், எதுவானாலும் சரி, பக்கத்தில் ஒரு காது இருந்தால் போதும். ஊறவைத்ததைச் சொல்லமாட்டார். வதக்கியதைச் சொல்லமாட்டார். உப்பை எப்போது போட்டார் என்பது அவருக்கே ஞாபகமில்லை. அறுபது வயதுவரை அடுப்பைப் பற்றவைத்தறியாத மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாக ராஜ்மா வேகவைத்தார். அதிலிருந்து உலகத்துக்குச் சொல்ல அவரிடம் மிஞ்சியது அந்த ஓர் எண்தான். ஏ பிளாக்கிலும் இருக்கிறார், சி பிளாக்கிலும் இருக்கிறார், டி.டி.ஏ. ஃபிளாட்டுகளில் மாடிக்கு ஒருவராக இருக்கிறார். இவருக்குச் சமையல் வரவே வராது என்று நான் சொல்லவில்லை. வரலாம். விசிலை எண்ணி வராது என்று மட்டும் சொல்கிறேன்.

அவரைக் கேட்டால் அது ராஜ்மாவே இல்லை, சில்லி. ஹூஸ்டனில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்த பெருமை அந்தப் பெயரில்தான் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் டெக்சாஸ்காரன் இதைச் சில்லி என்று ஒப்பமாட்டான். 1977இல் அதைத் தங்கள் மாநில உணவாகவே சட்டசபையில் அறிவித்துக்கொண்டவர்கள் அவர்கள். சான் அன்டோனியோ நகரத்துச் சதுக்கங்களில் மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள் இரவில் விளக்கேற்றி வைத்து விற்ற பண்டம் அது. 1930களில் சுகாதார விதிகளைக் காட்டி அந்தக் கடைகளை அப்புறப்படுத்தும்வரை ஊரார் தேடிப்போய்ச் சாப்பிட்டார்கள். அதில் மாட்டிறைச்சி உண்டு, மிளகாய் உண்டு. பயறு கூடாது. போட்டால் அது சில்லியே இல்லை என்று இன்றைக்கும் அங்கே சண்டைக்கு வருவார்கள். மாமா வீட்டில் இறைச்சி நுழையாது. ஆக டெக்சாஸ் கணக்குப்படி சட்டியில் மிளகாய் மட்டுமே மிஞ்சும். அந்த இடத்தை நிரப்ப வந்ததுதான் ராஜ்மா. எதிர் ஃபிளாட் பஞ்சாபி ஆன்ட்டி மூடியைத் திறந்து பார்த்து "அரே, யே தோ ராஜ்மா ஹை" என்பாள். ஒரு வாய் போட்டுக்கொண்டதும் அந்தத் தீர்ப்பையும் வாபஸ் வாங்குவாள், ஏனென்றால் பீட்சாவோடு வந்து டிராயரில் கிடந்த ஆரிகானோ பொட்டலங்கள் நான்கு உள்ளே போயிருக்கின்றன. மாமி அதைக் குழம்பு என்றும் ஏற்கவில்லை, கூட்டு என்றும் ஏற்கவில்லை. இப்படி மூன்று கோர்ட்டிலும் தள்ளுபடியான பண்டம்; இருந்தாலும் இந்த விஷயத்தில் நான் மாமா கட்சி. ராஜ்மா, தக்காளி, மிளகாய் மூன்றுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் தாண்டி வந்தவை. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக மிளகாய் வரும்வரை நமக்குக் காரம் என்றால் மிளகுதான். மெக்சிகோச் சட்டியும் பஞ்சாபி வீட்டுக் கடாயும் தூரத்துப் பங்காளிகள். பெயர் எதுவானால் என்ன, வெந்திருந்தால் சரி.

வேகவில்லை என்பது பிறகு. அதற்கு முன்னால் மிளகாய்ப் பொடி. மருமகள் அனுப்பிய செய்முறையில் சில்லி பவுடர் மூன்று டேபிள் ஸ்பூன் என்று இருக்கும். அமெரிக்கக் கடையில் அந்தப் பெயரில் விற்பது வெறும் மிளகாய்ப் பொடி இல்லை. அடக்கமான மிளகாயோடு சீரகம், ஆரிகானோ, பூண்டு எல்லாம் கலந்த மசாலா. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், டெக்சாஸில் நியூ பிரான்ஃபெல்ஸ் என்ற ஊரில், வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜெர்மானியர் வியாபாரமாக்கிய சரக்கு அது. மாமியின் அஞ்சறைப் பெட்டியில் இருப்பது குண்டூர் மிளகாயைக் காயவைத்து அரைத்த பொடி. மாமா பெயரைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார், தலைதட்டி மூன்று போட்டார். 45 மில்லி. டப்பாவை ஒரு தடவை முகர்ந்திருந்தால் தும்மல் பதில் சொல்லியிருக்கும். கண்ணில் நீர் வழியத் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தார். அதனால் பயனில்லை, காரத்தைக் கொடுக்கும் கேப்சைசின் தண்ணீரில் கரைகிற ஜாதி அல்ல, பாலிலும் தயிரிலும் உள்ள கேசீன்தான் அதை நாக்கிலிருந்து பிடித்து இழுக்கும். இத்தனைக்கும் காரம் குறைவாகவும் நிறம் தூக்கலாகவும் இருக்கிற பொடிக்கு டெல்லியில் பஞ்சமே இல்லை. தேகி மிர்ச் என்றாலே நினைவுக்கு வரும் மகாஷய் தரம்பால் குலாட்டி, சியால்கோட்டிலிருந்து 1947இல் அகதியாக வந்து, டெல்லியில் கொஞ்ச காலம் குதிரை வண்டி ஓட்டி, பிறகு கரோல் பாகில் மசாலாக் கடை போட்டவர். தம் தாயார் பெயரில் அவர் நிறுவிய மாதா சனன் தேவி ஆஸ்பத்திரி இருப்பது ஜனக்புரியில்தான். மூன்று டேபிள் ஸ்பூன் மாமாக்களை மனதில் வைத்து இடம் பார்த்திருக்க மாட்டார். ஆனாலும் பக்கத்தில் இருப்பது நல்லதுதான்.

ஸ்பூன் எண்ணியதாவது ஒரு நொடியில் முடிந்தது. விசில் எண்ணுவது ஒரு மண்டலப் பூஜை. குக்கரை ஏற்றியதும் மாமா ஹாலுக்கு வந்து நாற்காலியை அடுக்களைப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிடுவார். டி.வி. அணைக்கப்படும். முதல் விசிலுக்கு இடதுகைச் சுண்டுவிரல் மடங்கும். அது அடுத்த விரல் மடங்கும்வரை நிமிராது, நடுவில் காபி வந்தால் வலதுகையால்தான் வாங்கிக்கொள்வார். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் வீட்டில் யாரும் மிக்ஸி போடக்கூடாது. அந்தச் சமயம் பார்த்து ஹூஸ்டனிலிருந்து மகன் கூப்பிட்டால், "அப்புறம் பேசுடா, நாலு ஆயிருக்கு" என்று வைத்துவிடுவார். இரவு தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு கூப்பிட்ட பிள்ளை நாலு என்றால் என்ன, ரத்த அழுத்தமா, மாடிப்படியா என்று யோசித்துக்கொண்டு படுக்கப் போகும். இதில் பெரிய வழக்கு அரை விசில். வெயிட் முழுசாகத் தூக்காமல் 'புஸ்' என்று மூச்சுவிட்டு அடங்கிவிட்டால் அதைக் கணக்கில் சேர்ப்பதா கூடாதா? சேர்த்தால் குழைந்துவிடும், விட்டால் வேகாது. இரண்டு 'புஸ்' சேர்ந்தால் ஒரு விசில் என்று ஒரு நடைமுறையை மாமா தாமாகவே ஏற்படுத்தி வைத்திருக்கிறார். அலுவலகத்தில் இரண்டு அரைநாள் லீவைச் சேர்த்து ஒரு நாளாக்குவது போல. இதையெல்லாம் விடப் பெரிய தொல்லை ஜனக்புரி. ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்கு அந்தக் காலனியில் பாதி அடுக்களைகளில் ராஜ்மாதான். பின்பக்க ஜன்னல்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு திறந்திருக்கும். மேல்மாடி மல்ஹோத்ரா வீட்டு குக்கரும் கீழ்வீட்டு குக்கரும் ஒரே சந்துக்குள் கத்தும். மாமாவின் ஐந்தாவது விசில் யாருடையது என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். ஏழு என்று அவர் ஊரெல்லாம் சொல்கிறாரே, அதில் குறைந்தது இரண்டு பஞ்சாபி விசில்கள் என்பது என் கணிப்பு.

எல்லா விசிலும் அவருடையதாகவே இருக்கட்டும். ஏழு என்றால் எவ்வளவு நேரம்? குக்கருக்குள் நீராவியின் அழுத்தம் வெயிட்டைத் தூக்குகிற அளவை எட்டும்போது கொஞ்சம் ஆவி வெளியே பாய்ந்து, அழுத்தம் தணிந்து, வெயிட் மறுபடி உட்கார்ந்துகொள்கிறது. சத்தத்தின் பொருள் அவ்வளவுதான்: உள்ளே வேண்டியதற்கு மேல் ஆவி இருக்கிறது. உள்ளே சூடு ஏறக்குறைய 120 டிகிரி செல்சியஸ்; விசில் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் பயறு அந்தச் சூட்டில் வெந்துகொண்டிருக்கும். அடுப்பைக் கொழுந்துவிட்டு எரியவிட்டால் ஏழு விசிலும் பத்து நிமிடத்துக்குள் வரிசையாக வந்து போய்விடும். சிம்மில் வைத்தால் ஒரு விசிலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒருவர் ஷேவ் செய்துகொண்டு வந்துவிடலாம். மூன்று லிட்டர் குக்கர் ஒரு விதம், ஐந்து லிட்டர் வேறு விதம். கேஸ்கட் தளர்ந்திருந்தால் பக்கவாட்டில் ஆவி கசிந்து விசிலே வராது. குக்கரோடு வரும் கையேடுகள் பொதுவாக நிமிடக் கணக்குச் சொல்வது இதனால்தான். போதாததற்கு அந்த ஏழுக்கு ராஜ்மாவையும் தெரியாது. ஜம்மு ராஜ்மா சின்னது, கருஞ்சிவப்பு. சித்ரா நீளமாக வரிபோட்டது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பதர்வா ராஜ்மா இன்னொன்று. ஒவ்வொன்றும் வேகும் நேரம் ஒவ்வொன்று. ஒரு வருஷ வெயிலும் ஆடி ஆவணிப் புழுக்கமும் பார்த்த பழைய சரக்கு, எத்தனை விசில் வைத்தாலும் நடுவில் மணலாகவே நிற்கும். தண்ணீர் கடினநீராக இருந்தால் அதிலுள்ள கால்சியம் தோலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தக்காளியை ஆரம்பத்திலேயே கொட்டிவிட்டால் புளிப்பு வேகவிடாது. மாமா ஆரம்பத்திலேயே கொட்டியிருந்தார், ஏனென்றால் தக்காளிக்கு விசில் எண் எதுவும் கொடுக்கப்படவில்லை.

ஏன், மாமியும் எண்ணுகிறாளே, நம் அம்மாக்கள் எல்லாரும் எண்ணினவர்கள்தானே என்று கேட்கலாம். எண்ணுகிறாள்தான். ஆனால் மாமியின் நான்கு விசில் என்பது அவளுடைய குக்கரில், அவளுடைய பர்னரில், அவள் வைக்கிற தீயில், அவள் அளந்து ஊற்றிய தண்ணீரில் நான்கு. அது அவளும் அந்தக் குக்கரும் இத்தனை வருஷம் பேசிப் பழகிய பாஷை. அடங்கியதும் திறந்து ஒரு மணியை எடுத்து விரலால் நசுக்கிப் பார்ப்பாள். மசியாவிட்டால் எண்ணை ஓரமாக வைத்துவிட்டு இன்னும் இரண்டு வைப்பாள். மாமா நசுக்கிப் பார்க்கமாட்டார். ஏழு ஆகிவிட்டது, ஆகவே வெந்துவிட்டது. பல்லில் கடிபட்டால் பல்லைத்தான் சந்தேகப்படுவார். இன்னொரு கேள்வியும் வரும், அது கொஞ்சம் கனமானது: சிவப்பு ராஜ்மா சரியாக வேகாவிட்டால் விஷம் ஆயிற்றே, கணக்கு வைத்துக்கொள்வது நல்லதுதானே? உண்மை. அதில் பைட்டோஹீமாக்ளூட்டினின் என்ற லெக்டின் இருக்கிறது. அரைவேக்காட்டில் நாலைந்து மணிகள் தின்றாலே வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம், மந்தச் சூட்டில் வைத்துக் கொதிக்கவிடாமல் வேகவைத்தால் அது கூடவே செய்யும். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். 30 நிமிடம் என்போரும் உண்டு. இதில் எங்கேயாவது விசில் வருகிறதா? மணி வருகிறது, நிமிடம் வருகிறது, ஊறவைப்பது வருகிறது. சனிக்கிழமை இரவு ஊறவைத்தது மாமி. காலையில் தண்ணீரைக் கொட்டி அலசியதும் மாமி. மாமாவின் வயிற்றை அன்று காப்பாற்றிய காரியத்தில் பாதி அவர் தூங்கிக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் அவர் மேல் ஒரு பரிவு வருகிறது. நாற்பது வருஷம் அவர் ஹாலில் இருந்தார். சமையல் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்தது. கல் பொறுக்குவதற்குச் சத்தம் கிடையாது. பருப்பு ஊறுவது காதில் விழாது. வெங்காயம் எந்த நிறத்தில் நிற்கவேண்டும் என்பதும், எண்ணெய் பிரிந்து ஓரத்துக்கு வருவதும் கண்ணுக்குத் தெரிகிற விஷயங்கள், அதற்கு எழுந்து உள்ளே போகவேண்டும். சுவரைத் தாண்டிச் செய்தித்தாளைத் தாண்டி அவர்வரைக்கும் வந்து சேர்ந்தது விசில் ஒன்றுதான். இன்னும் பத்து நிமிடத்தில் இலை போடுவார்கள் என்பதற்கு அதுவே மணி. ரேடியோ வர்ணனை கேட்டே கிரிக்கெட் கற்றுக்கொண்டவன் மைதானத்தில் இறங்கினால் எப்படி ஆடுவானோ அப்படித்தான் மாமா அடுப்படியில் இறங்கினார். காதில் விழுந்ததை வைத்து ஆடினார். பேசாமல் உட்கார்ந்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்கப் போவதில்லை. அந்த வயதில், அந்த முழங்காலோடு, தாமாகவே எழுந்து போனார் என்பதை நான் மறுக்கவில்லை. உள்ளே வந்ததே பெரிது, பாராட்டவேண்டும் என்கிறார்கள். பாராட்டியாயிற்று. பஞ்சாபி ஆன்ட்டி பாராட்டினாள், ஹூஸ்டன் பாராட்டியது, கீழ்வீட்டு குப்தாஜி "கித்னி சீட்டி?", எத்தனை விசில், என்று மரியாதைக்குக் கேட்டுவைத்து இருபது நிமிடம் மாட்டிக்கொண்டார்.

சனிக்கிழமை ஊறவைத்தவளை மட்டும் யாரும் எத்தனை மணி நேரம் என்று கேட்கவில்லை. இதில் நகைச்சுவை ஒன்றும் இல்லை. "இன்னிக்கு உனக்கு லீவு, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, சீரகம் எங்கே, இந்த மூடி எதற்கு, அடுப்பு ஏன் படபடக்கிறது என்று பதினாறு தடவை கூப்பிட்டால் அது லீவு ஆகாது, வேறு நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற அதே வேலை. ஒரு சில்லிக்கு இரண்டு கடாய், குக்கர், மூன்று கரண்டி, ஒரு தாம்பாளம். தாம்பாளம் எதற்கு என்று இன்றுவரை தெரியவில்லை. நான்கு பேர் வீட்டில் அரைக் கிலோ ராஜ்மா. மாமியே இரண்டாவது தடவை குக்கர் வைத்து, தயிர் சேர்த்து, வெல்லம் ஒரு துண்டு போட்டு அதை வாயில் வைக்கும்படி ஆக்கினாள். அந்த நான்கு விசிலும் மாமா கணக்கில் இல்லை, அவர் அப்போது கீழே குப்தாஜியிடம் இருந்தார். திங்கள்கிழமை சப்பாத்திக்கு அது, செவ்வாய்க்கிழமை காலை தோசைக்கும் அதுவே. அடுத்த ஞாயிற்றுக்கு எட்டு விசில் வைத்துப் பார்க்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார்.