வனயாத்திரைக்கு ஓர் ஆயத்தம்

ஆப்பிரிக்க ஆதிவாசிகளை அவர்கள் வாழும் வனத்திலேயே சென்று தரிசிக்க வேண்டும் என்ற பேராவல், சிம்பாங் அம்பாட் கோப்பிக் கடையொன்றில் மாலைதோறும் கூடும் எங்கள் பென்ஷன் சபைக்கு ஏன் உண்டாயிற்று என்று காரணம் கற்பிப்பது கடினம். ஆயினும், எதியோப்பியாவின் ஓமோ நதிப் பள்ளத்தாக்கில் கீழுதட்டில் மண்தட்டு அணியும் முர்சிப் பெண்களைத் தொலைக்காட்சியில் கண்ட முன்னாள் தோட்டக் கிராணி அண்ணன், மறுநாளே நோட்டுப் புத்தகத்துடன் வந்து தம்மைத் தாமே காரியதரிசியாக நியமித்துக்கொண்டார். மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டுப் பத்து நாள் சென்ற பின்னரே சான்றிதழ் செல்லும் என்று அவர் வாசித்த மாத்திரத்தில், ஊசியென்றால் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் அங்கத்தினர் இருவர், இதற்காகக் கடல் தாண்டுவது அவசியந்தானா என்று தத்துவ விசாரத்தில் இறங்கினர்.

அவசியமில்லைதான். பாலிங் வழியாகக் கிரிக் போய், பூலாவ் பண்டிங் படகுத்துறையில் ஏறினால், 2007இல் மாநிலப் பூங்காவாகப் பிரகடனமான ராயல் பெலும் வனம். மலேசியாவின் பத்து வகை இருவாட்சிப் பறவைகளும், ரப்லேசியா மலரும், ஜஹாய் என்னும் ஒராங் அஸ்லி மக்களும் அங்கேயே உண்டு. படகு மிதக்கும் தெமெங்கோர் ஏரியோ, 1970களில் மின்சாரத்துக்காக அணை கட்டிப் பள்ளத்தாக்கை மூழ்கடித்ததால் உண்டானது. ஆகவே, நாகரிகம் தீண்டாத மாந்தர் என்று நாங்கள் வியக்கப் புறப்பட்டவர்களை, எங்கள் தலைமேல் சுழலும் காற்றாடி எப்போதோ தீண்டிவிட்டது. இதைச் சொன்னபோது சபை சற்று நேரம் காற்றாடியைப் பார்த்தது. பிறகு பலகாரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியது.

லிவிங்ஸ்டனைத் தேடிச் சென்று 1871இல் உஜிஜியில் கண்ட ஸ்டான்லி, வழிச் செலவுக்கென்று சான்சிபாரில் வாங்கிய துணி, பாசிமணி, கம்பிச் சுருள் ஆகியவற்றைச் சுமை சுமையாகக் கொண்டு போனான் என்பது சரித்திரம். கிராணி அண்ணனின் ஜாபிதா அதை நாணச் செய்வது: எலுமிச்சை ஊறுகாய் இரண்டு போத்தல், நெத்திலிச் சம்பல், இட்லி மாவு, அதைப் புளிக்காமல் காக்க ஐஸ் பெட்டி, முழங்கால் தைலம், அட்டைக்குப் புகையிலை, அட்டை கடிக்காவிட்டால் வெற்றிலையோடு போட்டுக்கொள்ளவும் அதே புகையிலை. வழிகாட்டியாக அமர்த்திய ஜஹாய் இளைஞரைத் தொலைபேசியில் அழைத்து, "தம்பிக்குக் காட்டில் பாதை நன்றாகத் தெரியுமா?" என்று அண்ணன் மலாயில் விசாரித்தார். தம் பாட்டனுக்குப் பாட்டன் காலத்திலிருந்தே அக்காட்டில் இருப்பவர், கப்பலில் வந்தவரின் பேரனுக்கு மிகுந்த மரியாதையுடன், தெரியும் என்றார். பிறகு ஜாபிதா முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாக்சிக், படகில் ஆட்களும் ஏறுவார்களா?" என்றார்.

இனித் தேதிதான் பாக்கி. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையை விட்டு எவனும் அசையமாட்டான். அதன் பின் கல்யாண மாதங்கள். ஜூன் பிறந்தாலோ பாலேக் பூலாவில் டுரியான் விழத் தொடங்கிவிடும். ஐஸ் பெட்டியை மட்டும் அண்ணன் வாங்கிவிட்டார். இப்போதைக்கு அதில் அவர் வீட்டு மீன் இருக்கிறது.