காலியாகக் கிடக்கும் கதிரைக்கு ஒரு கடிதம்

மாநகர முதல்வரின் கதிரை அவர்களுக்கு,
மாநகர சபை, கல்முனை.

ஆளில்லாத கதிரைக்குக் கடிதம் எழுதுகிறானே, இவனுக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று நினைக்க வேண்டாம். 2023 மார்ச்சில் சபையின் காலம் முடிந்தது. 2025 மே 6 அன்று நாட்டில் 339 சபைகளுக்கு வாக்குப் போட்டார்கள். நமது சபை தொடர்பாக வழக்கு இருந்தபடியால் நமக்கு விரலில் மை படவில்லை. மாநகர ஆணையாளருக்கு எழுதலாம்தான், அவருக்கோ கோப்புகள் கழுத்துமட்டும். நீங்கள் என்றால் ஆறுதலாகக் கேட்பீர்கள். நடுவில் ஃபோனும் எடுக்க மாட்டீர்கள்.

விடயம் நூலகம். இந்த நாட்டில் பொது நூலகங்கள் சபைகளின் மடியில் பிள்ளைகள். சபை இல்லாத ஊரில் பிள்ளைக்காகப் பேச நூலகர்தான் மிச்சம். அவரோ "சத்தம் போடாதீர்கள்" என்று சொல்லியே காலம் கழித்தவர். அவர் எங்கே சத்தம் போட்டுக் காசு கேட்கப்போகிறார்?

நமது ஊரில் ஒன்றைக் கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கேட்டவர்கள் 2019இல் உண்ணாவிரதம் இருந்தார்கள். சாய்ந்தமருதுக்காரர் தனிச் சபை கேட்டு, 2018 தேர்தலில் தோடம்பழச் சின்னத்தில் சுயேச்சையாகவே இறங்கினார்கள். 2020 பெப்ரவரியில் அவர்களுக்கு வர்த்தமானியும் வந்தது, ஒரு கிழமைக்குள் போயும்விட்டது. நூலகத்தில் ஒரு நாவலை இரண்டு கிழமைக்கு இரவல் தருவார்கள். அரசாங்கம் ஒரு நகர சபையை அதில் பாதி நாளுக்குக்கூடத் தரவில்லை!

ஆகவே நூலகர்களுக்கு என் ஆலோசனை: தனி நூலக சபை கேளுங்கள். சின்னம் மூக்குக்கண்ணாடி. எல்லைப் பிரச்சினை வராது. தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே மேசையில் சாதாரண தரத்துக்குப் படிக்கிற இடத்தில் எங்கே கோடு கீறுவது?

காசுக்கும் வழி உண்டு. தமிழ்நாட்டில் 1948ஆம் ஆண்டே சட்டம் போட்டுச் சொத்து வரியோடு நூலக வரியையும் சேர்த்து அறவிட ஏற்பாடு செய்தார்கள். நமது சோலை வரியில் அப்படி ஒரு பங்கு ஒதுக்கினால் யாருக்குக் குடி முழுகிப்போகும்?

யாழ்ப்பாண நூலகத்துக்கு 2025 வரவு செலவுத் திட்டத்தில் 100 மில்லியன் ரூபாய் என்றார்கள். 1981இல் 97,000 நூல்களோடு எரிந்த நூலகம் அது. கொடுத்தது நியாயம், எங்களுக்கு வயிறெரிச்சல் இல்லை. ஆனால் எரிந்தால்தான் ஒரு நூலகத்தின் பெயர் பாராளுமன்றத்தில் கேட்கும் என்றால், எரியாத நூலகத்தை வைத்திருப்பவர் என்ன செய்வார்?

ஒக்டோபரில் மட்டும் எங்கள் நிலைமை பரவாயில்லை. தேசிய வாசிப்பு மாதம் அல்லவா? மேடை, பதாகை, பொன்னாடை எல்லாம் வரும். நுஃமான் பிறந்த மண், நீலாவணன் பாடிய மண், அஷ்ரப் கவிதை எழுதிய மண் என்று மண்ணுக்குப் பெரிய மரியாதை. பேசுகிறவரிடம் அந்த மூவரின் ஒரு நூலின் பெயரைக் கேட்டுவிடாதீர்கள். தேநீர் வரும்வரை இருமுவார். புத்தகம் வாங்கும் கதை வந்தால் நவம்பர் பிறந்துவிடும்.

இப்படிக்கு,
சோலை வரி பிந்தாமல் கட்டும் ஒரு வாசகன்.

பி.கு.: தாங்கள் இப்போது சும்மாதானே இருக்கிறீர்கள்? பத்திரிகை மேசைக்கு எந்நாளும் ஒரு கதிரை குறைவு. இரண்டு கிழமை இரவலுக்கு வாருங்கள், பிணைக் கையெழுத்தை நானே வைக்கிறேன். பிந்தினால் தண்டப்பணம் உண்டு.